ஓடுகிற வண்டியை நிறுத்தியவர்

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் நாங்கள் எல்லோரும் கலைந்து அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். அக்கா போக மாட்டார். முதல் கரும்புகை மேலே போய்க் கலைகிற வரைக்கும் சைலன்சரையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்புறம் கையை நீட்டி, ஓடுகிற இன்ஜினை நிறுத்திவிடுவார்.

அவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஷெட்டில் அவர் எல்லோருக்கும் யக்காதான். எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

ஷெட் என்பது அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்பக்கம், குப்பை அள்ளும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றின் தகரக் கொட்டகை. நான் அங்கே சூப்பர்வைசர். பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் வந்து ஆறு மணிக்கு ஆட்களின் கையெழுத்தை வாங்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் போன் அடிக்கத் தொடங்கும். எங்கள் தெருவுக்கு வண்டி வரவில்லை, எங்கள் தெருவுக்கு வண்டி வரவில்லை. லாரி நுழைய முடியாத சந்துகளுக்கெல்லாம் ஒரே ஒரு சின்ன டீசல் டிராக்டர்தான் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும். அது கிளம்பாத நாளில், வரும் அத்தனை வசவும் என் காதுக்குத்தான்.

நான் சேர்ந்த மூன்றாவது நாளே அது கிளம்பவில்லை. டிரைவர் ஏழுமலை சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். செல்ஃப் கிர்ர் கிர்ரென்று சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டு வந்தது. கையுறையோடு ஓரமாய் நின்றிருந்த ஒரு பெண் முன்னால் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு.

"நிறுத்துப்பா. பேட்டரிய சாவடிக்காத. பொக வருதா?"

"வர்ல யக்கா."

"துளிகூட?"

"வர்லன்றேன்ல."

"அப்ப டீசல் போய் சேர்ல. செல்ஃப் மேல தப்பு இல்ல. சும்மா அத்த போட்டு அடிக்காத."

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். டீசல் இருந்தது. நிறுத்துகிற நாப் உள்ளே தள்ளியிருக்கிறதா என்று பார்த்தார். தள்ளித்தான் இருந்தது. ஃபில்டருக்கு அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி, தண்ணீர் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இல்லை. ஃபில்டர் தலையிலிருந்த ஒரு ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு, டீசல் பம்பின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கைப்பிடியை ஏற்றி இறக்கினார். ஸ்குரூ வழியாக டீசல் நுரைநுரையாகப் பொங்கி வந்தது. நுரை நின்று சுத்தமான டீசல் வழிந்ததும் ஸ்குரூவை முடுக்கினார்.

"இப்ப அடி."

அரைச் சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது. ஏழுமலை விசில் அடித்தார். டிரெய்லரில் ஆட்கள் ஏறிவிட்டார்கள். அப்போதுதான் அக்கா நாப்பை இழுத்து இன்ஜினை நிறுத்தினார்.

"இன்னா யக்கா பண்ற!" என்று ஏழுமலை கத்தினார். "ஸ்டார்ட் ஆச்சுல்ல, வுடேன்!"

"காத்து பூந்திருந்துச்சு. எடுத்துட்டேன். எப்டி பூந்துச்சுன்னு தெர்லியே."

"எடுத்துட்டல்ல, அப்பால இன்னா?"

"பூந்த வழி அப்டியேதான கீது?"

அரை மணி நேரம் குனிந்து ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்தார். எதுவும் கிடைக்கவில்லை. அதற்குள் எனக்கு ஒன்பது போன் வந்துவிட்டது. நான் புதுசு, பயந்தும் போயிருந்தேன். "அக்கா, போதும், விடுங்க" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டார். வண்டி போயிற்று.

அது பிறகு வழக்கமாகிவிட்டது. பத்து நாளைக்கு ஒரு முறை வண்டி கிளம்பாது. அக்கா காற்றை எடுப்பார், கிளம்பும், நிறுத்துவார், ஏழுமலை கத்துவார், நான் அவரை விலக்கி வண்டியை அனுப்புவேன். கம்பெனியின் மெக்கானிக் ஒருவர் எப்போதாவது வருவார். அவர் வரும்போது வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். "ஓடுது இல்ல?" என்று டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அக்காவுக்கு இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று ஏழுமலைதான் சொன்னார். தொழிற்பேட்டையிலேயே டீசல் பம்பு, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் இவற்றைப் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை ஒன்றில் பதினோரு வருடம் இருந்தாராம். நாசில்களைக் கெரசினில் கழுவி, சோதிக்கிற கருவியில் மாட்டி, புகை போல அடிக்கிறதா, பொட்டுப் பொட்டாக விழுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு நாள் காலையில் போனால் பட்டறையில் பூட்டு. முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா ஒரு வாரம் தினமும் போய் அந்தப் பூட்டுக்கு எதிரே நின்றுவிட்டு வந்தாராம்.

"எதுக்குக்கா தினமும் போனீங்க?" என்று கேட்டேன்.

"மூடனது மூடட்டும். இன்னாத்துக்கு மூடனான்னு யாராச்சும் சொல்வாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் சொல்லல."

எதிலும் அவர் அப்படித்தான் இருந்தார். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் வேலைக்கு வந்தேன். "சரியாயிடுச்சுக்கா" என்றேன்.

"இன்னா மாத்திர போட்ட?"

"ஒண்ணும் போடல. தானா போயிடுச்சு."

"அப்ப இன்னும் உள்ளதான் கீது" என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே எனக்குத் திரும்பவும் குளிர் எடுத்தது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. ரயில் சரியான நேரத்துக்கு வந்தது என்றால்கூட, "இன்னிக்கு இன்னாத்துக்கு கரீட்டா வந்துச்சு?" என்பார். சிரிப்பதற்காகக் கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உண்மையைச் சொன்னால், சில காலைகளில் அவர் பக்கத்தில் நிற்கவே எனக்கு அலுப்பாக இருக்கும். ஒரு விஷயம் ஒருவழியாக முடிந்தது என்று மூச்சு விடும்போது அதைத் திரும்பத் திறக்கிறவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

அவர் புருஷன் வந்தது ஒரு சித்திரை மாதப் பிற்பகல். ஆட்கள் எல்லோரும் வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒருவர், தோளில் ஒரு பை, கையில் ஆரஞ்சுப் பழங்கள் போட்ட ஒரு பை. நல்ல உயரம். முகத்தில் அசடு வழிந்தது. ஏழுமலைதான் அடையாளம் கண்டு என் காதில் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போனவர். ஒரு போன் இல்லை, ஒரு தகவல் இல்லை. அக்கா ஆவடி வரைக்கும் தேடி அலைந்தாராம்.

ஏழுமலை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த ஆள் உட்காரவில்லை.

"இன்னாமே, நல்லா கீறியா?" என்றார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றார். "இன்னாத்துக்குப் போன?"

"அதான் வந்துட்டேன்ல."

"வந்தத கேக்கல. போனத கேக்கறேன்."

"போனது போவட்டும்மே. இனிமே எங்கியும் போவ மாட்டேன். உன் மேல சத்தியம்."

"சத்தியம்லாம் வோணாய்யா. இன்னாத்துக்குப் போன, அத்த சொல்லு."

அவர் பழப் பையை நாற்காலியில் வைத்தார். அக்கா அதைத் தொடாமல் வீட்டுக்குப் போனார். மறுநாளும் அவர் வந்தார், அக்கா அதையே கேட்டார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். அந்த ஆள் தரையைப் பார்த்தார், கழுத்தைச் சொறிந்தார், ஒரு முறை அழுதார்கூட. காரணத்தை மட்டும் சொல்லவில்லை. நான்காம் நாள் அவர் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. "பொம்பள ஒண்டியா எத்தனை நாளுக்கு இருப்பீங்க? வந்தவரைச் சேத்துக்கிட்டா என்ன? அப்புறமா மெதுவா கேட்டுக்கலாம் இல்ல?"

அக்கா அப்போது துடைப்பக் குச்சிகளைத் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தார்.

"வேற ஒருத்தி கூட இருந்தேன்னு சொல்லட்டும், குடிச்சேன்னு சொல்லட்டும், உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்கலன்னே சொல்லட்டும், சேத்துக்குவேன். ஒண்ணுமே சொல்லாம உள்ள வந்தான்னா, தெனமும் காத்தால கண்ணு முழிக்க சொல்லோ பக்கத்துல கீறானான்னு தடவிப் பாக்கணும். அது என்னால ஆவாதும்மா. ஏற்கெனவே டயர்டா கீது."

அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இனி அந்த ஐப்பசி மழையைச் சொல்ல வேண்டும். மூன்று நாளாக விடாமல் கொட்டியது. குப்பை வேலையை நிறுத்திவிட்டு, டிராக்டரின் பின்னால் தண்ணீர் இறைக்கும் பம்பை மாட்டித் தெருத்தெருவாக அனுப்பினார்கள். எங்களுக்கு வந்தது ஒரு தாழ்வான தெரு. முழங்காலுக்குக் கீழே தண்ணீர். கடைசி வீட்டில் ஒரு தையல்காரப் பெண் இருந்தார். அவர் வாசல்படிக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

காலை பத்து மணி இருக்கும். மேட்டில் வண்டியை நிறுத்தி, குழாயை இறக்கி, சாவியைத் திருப்பினால் கிளம்பவில்லை. அக்கா ஏறி இறங்கிக் காற்றை எடுத்து, ஒருவழியாக வண்டி பிடித்தது. குழாயின் மறுமுனையிலிருந்து தண்ணீர் பீறிட்டுக் கால்வாயில் விழுந்தது. தெருவே கை தட்டியது. மாடிகளில் நின்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள்.

அக்கா என்னிடம் வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எம்மா, நிறுத்தட்டா?"

"இப்பவா?"

"மத்தியானம் இன்னும் மழ வரும்ன்றாங்க. அப்ப நின்னுச்சின்னா, கொட்ற மழைல குனிஞ்சி ஒண்ணும் பாக்க முடியாது. இப்ப வெளிச்சம் கீது. அரை மணி குடு. இன்னிக்கு வுட மாட்டேன்."

நான் அந்த வாசல்படியைப் பார்த்தேன். அப்புறம் அக்காவைப் பார்த்தேன். அதற்குள் இருபது தடவையாவது அந்த வண்டி கழுத்தறுப்பதைப் பார்த்திருந்தேன்.

"நிறுத்துங்க" என்றேன். வாய் திறந்து, தெளிவாகச் சொன்னேன். ஏழுமலை பக்கத்தில்தான் நின்றார்.

அக்கா நாப்பை இழுத்தார். பம்பு அடங்கியது. ஒரு நொடி மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கப்புறம் தெரு முழுக்க ஒரே கூச்சல். தையல்காரப் பெண் தண்ணீரில் இறங்கி ஓடி வந்தார். "ஓடிகினு கீற மோட்டார நிறுத்துறியே, நீ மனுஷியா?" என்று அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார். அக்கா அவர் கையை விலக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் டீசல் குழாயைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அரை மணியில் முடியவில்லை. ஐம்பது நிமிடம் ஆயிற்று. டேங்கிலிருந்து டீசல் பம்புக்கு வரும் ரப்பர் குழாயில், இறுக்கிப் பிடித்திருந்த கிளிப்புக்கு அடியில், மயிரிழை போல ஒரு வெடிப்பு. குழாயை வளைத்தால்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"பாரு. டீசல் வெளிய சொட்டாது. காத்த மட்டும் உள்ள உறிஞ்சும். அதான் ஒருத்தன் கண்ணுலயும் படல" என்று என்னிடம் காட்டினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எட்டு மாதப் பாரம் இறங்கிய முகம். வெடித்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டினார். வண்டி முதல் திருப்பிலேயே பிடித்தது. அன்று மத்தியானம் வானம் திரும்பக் கிழிந்து கொட்டியது. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அந்த இன்ஜின் ஒரு முறைகூட நிற்கவில்லை.

ஆனால் அந்த ஐம்பது நிமிடத்தில் தையல்காரப் பெண்ணின் வீட்டுக்குள் நான்கு விரல் தண்ணீர் போய்விட்டது. தையல் மிஷினின் மோட்டார் நனைந்தது. தீபாவளிக்குத் தைத்துக் கட்டி வைத்திருந்த ரவிக்கைத் துணிகள் நனைந்தன. நிறுத்தாமல் விட்டிருந்தால் அந்த வீடு தப்பியிருக்கும். மத்தியான மழையில் வண்டி நின்றிருந்தால் மொத்தத் தெருவும் மூழ்கியிருக்கும். நின்றிருக்குமா? நின்றிருக்காது என்று ஏழுமலை இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார். எனக்குத் தெரியாது.

மாடியிலிருந்து எடுத்த படம் அன்று இரவே எல்லோர் போனுக்கும் போய்விட்டது. நாற்பது நொடிப் படம். பச்சைச் சட்டை போட்ட ஒரு துப்புரவுப் பெண் ஓடும் பம்பை நிறுத்துகிறார், தண்ணீர் நிற்கிறது, ஒரு பெண் கதறிக்கொண்டு ஓடி வருகிறார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அதில் இல்லை.

கம்பெனி மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டு, ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் நகர்த்தினார். நான் எழுதினேன். மேற்படி பணியாளர் என் அனுமதியின்றி இயந்திரத்தை நிறுத்தினார். ஒரே வரி. கையெழுத்துப் போட்டேன். ஏழுமலையையும் கேட்டார்கள். தான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை அக்காவை நிறுத்திவிட்டார்கள். பச்சைச் சட்டையையும் கையுறையையும் துவைத்துக் காயவைத்து மடித்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார்.

"அப்டியா எழுதன?"

"மேலேருந்து சொன்னாங்கக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் நடந்து போவது ஷெட்டிலிருந்து தெரியும். நான் பார்க்கவில்லை, பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எட்டு மாதம் போயிற்று. வண்டியின் ஒரு நாசில் கெட்டுப்போய்ப் புகை தள்ளியது. பூந்தமல்லியில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில், ஒரு பாய் நன்றாகப் பார்ப்பார் என்றார்கள். ஒரு வேகாத வெயிலில் நானே எடுத்துக்கொண்டு போனேன். பாய் கல்லாவில் உட்கார்ந்தபடியே, "உள்ள குடுங்கம்மா, அக்கா பாப்பாங்க" என்றார்.

உள்ளே, கெரசின் தட்டுக்கு முன்னால், முக்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இன்னாத்துக்கு அப்டி எழுதன?"

"மேலேருந்து..."

"அத்த அன்னிக்கே சொல்ட்ட."

வந்த வழியே திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. "நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு எழுதியிருந்தா என் வேல போயிருக்கும்கா. பயந்துட்டேன்."

அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் இல்லாம..." என்று இழுத்தேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உங்க பேர எழுதினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கன்னு தெரியும். நீங்களும் சண்டைக்கு வர மாட்டீங்க. அதான் எழுதினேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்கா."

அக்கா நீளமாக மூச்சு விட்டார். ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டார்.

"எட்டு மாசமா தேடிகினு கீறேன்மா. உன்ன எப்பனா மரியாத இல்லாம பேசிட்டனா, ஆளுங்க எதிர்ல உன்ன சின்னதா ஆக்கிட்டனா, இந்தப் பொண்ணுக்கு நான் இன்னா பண்ணிட்டேன்னு. ஒவ்வொரு நாளா எடுத்து வச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஆப்டல."

"உங்க மேல ஒண்ணுமே இல்லக்கா."

"அதான் இப்ப சொல்லிட்டியே. குடு."

பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். நாசிலைக் கெரசினில் முக்கி, ஒரு மெல்லிய பிரஷ்ஷால் நுனியைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்த இன்னொரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார். உட்கார்ந்தேன். கல்லாவிலிருந்து பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னா யக்கா, தெரிஞ்சவங்களா?"

அக்கா நாசிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா பாய். கூட வேல செஞ்சவங்க."